யார் தூக்கிக்கொண்டு வருவது?

ஏரியைப் பார்த்தபடி ஒரு மரத்தடி; அதன் கீழே ஒரு மேஜை, நாற்காலிகள். கறுப்புவெள்ளைப் புகைப்படம். இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா தன் தோட்டத்தைப் பற்றிக் கிறிஸ்தோஃப் பான், டொமினிக் சான்சோனி ஆகியோருடன் சேர்ந்து 1990இல் வெளியிட்ட ‘லுணுகங்க’ என்ற நூலை விரித்து அம்மாவிடம் காட்டினேன். அம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள்.

“அழகாத்தான் இருக்கு. ஆனா அடுப்படியிலருந்து இம்புட்டுத் தூரத்துக்குச் சோத்துப் பானையையும் கொழம்புச் சட்டியையும் யாருடி தூக்கிட்டு வர்றது?”

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் எரிச்சலும் வந்தது. நான் அந்தப் படத்தில் ஒளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எழுதப்படாத ஒரு கவிதையைக்கூடப் பார்த்திருப்பேன். நாற்பத்தைந்து வருடம் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்து முழங்கால் தேய்ந்த அம்மா, அதே படத்தில் தூரத்தைப் பார்த்தாள். அதன்பிறகு பாவாவின் எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் எனக்கு அந்தத் தூரம்தான் முதலில் தெரிகிறது. இந்தக் கட்டுரையும் அந்தத் தூரத்தைப் பற்றியதுதான்.

லுணுகங்க என்றால் சிங்களத்தில் உப்பாறு. இலங்கையின் தென்மேற்குக் கரையில், பெந்தோட்டைக்கு அருகில், தெத்துவ ஏரிக்கரையில் இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் கறுவாத் தோட்டமாக இருந்து, ஆங்கிலேயர் காலத்தில் ரப்பர் தோட்டமாக மாறிய நிலம் அது. கறுவா என்று அவர்கள் சொல்வது நம் அஞ்சறைப் பெட்டியில் கிடக்கும் பட்டை. 1948இல், வழக்கறிஞராக இருந்த பாவா இந்த நிலத்தை வாங்கினார். இத்தாலியில் ஏரிக்கரை வீடு ஒன்று வாங்க நினைத்து அது கைகூடாமல் ஊர் திரும்பியவர், இங்கே ஒரு இத்தாலியத் தோட்டத்தை வெப்பமண்டலக் காட்டுக்குள் உண்டாக்கப் பார்த்தார். அந்த ஆசைக்குத் தன் கட்டடக் கலை அறிவு போதவில்லை என்று உணர்ந்துதான் லண்டன் சென்று படித்தார். 1957இல், 38 வயதில் கட்டடக் கலைஞரானார். ஆகவே பாவாவை உருவாக்கியது லுணுகங்க என்று சொல்வதில் தவறில்லை. 2003இல் இறக்கும்வரை, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். மனதில் தோன்றும் ஒரு யோசனையை முதலில் அங்கே கட்டிப் பார்ப்பார். கண்ணுக்குச் சரியாகப்பட்டால் அது இன்னோரிடத்தில் விடுதியாகும், வீடாகும். அவர் மறைவுக்குப் பிறகு அது ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில், விருந்தினர் தங்கும் இல்லமாகவும் மக்கள் சுற்றிப் பார்க்கும் தோட்டமாகவும் இருக்கிறது. கொழும்புக் கருத்தரங்கு ஒன்றுக்குப் போன நான், ஒரு பகல் மட்டும் அங்கே கழித்தேன்.

அந்தத் தோட்டம் அழகானது. இதைத் தயங்காமல் சொல்லிவிட வேண்டும். அரளிக் குடும்பத்து அரலிய மரத்தின் கிளைகளில் கனம் தொங்கவிட்டு, ஆண்டுக்கணக்கில் வளைத்து, மரத்தை ஒரு நடன நிலையில் நிறுத்தியிருக்கிறார்கள். வீட்டின் தெற்கே உள்ள கறுவாக் குன்றின் உச்சியைச் சீவித் தாழ்த்தியிருக்கிறார்கள். அதனால் வராந்தாவில் உட்கார்ந்தால் குன்றைத் தாண்டி, ஏரியைத் தாண்டி, தொலைவில் ஒரு வெள்ளைத் தாதுகோபம் தெரிகிறது. குன்றின்மேல் மரத்தடியில் ஒரு சீனச் சாடி, கண் அங்கே போய் நின்று பிறகு தாண்டிச் செல்வதற்காக. இவ்வளவும் இயற்கையாகவே இப்படி இருந்தது போலத் தோன்றும். தோன்ற வேண்டும் என்பதற்காகத்தான் ஐம்பது ஆண்டுகள்.

ஆனால் வெப்பமண்டலத்தில் தோட்டம் என்பது ஒருமுறை செய்து முடிக்கிற வேலை இல்லை. ஒரே ஒரு மழைக்காலம் கைவிட்டால் போதும், காடு தன் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். நாள்தோறும் களை பறிக்க வேண்டும், சருகு கூட்ட வேண்டும், பாசி சுரண்ட வேண்டும். ஆக, நாம் பார்ப்பது பாவா ஒருமுறை வரைந்த ஓவியம் அல்ல. இன்று காலையும் யாரோ குனிந்து வரைந்தது அது. வாசல் தெளித்துக் கோலம் போட்ட எந்தப் பெண்ணுக்கும் இது புரியும்: மறுநாள் விடிந்தால் அழிந்திருக்கும் என்று தெரிந்தே செய்யப்படும் கலை அது. கோலத்துக்குக் கையெழுத்து இல்லை.

அம்மா கேட்ட தூரத்துக்கு வருகிறேன். லுணுகங்கவில் சாப்பாட்டு மேஜை ஒன்றல்ல. பாவா தோட்டம் முழுவதும் மேஜைகள் போட்டிருந்தார். காலையில் ஓரிடம், வெயில் ஏறினால் வேறிடம், அந்திக்கு இன்னோரிடம். ஒவ்வோர் இடத்திலும் ஒரு மணி. ஒவ்வொரு மணிக்கும் ஓசை வேறு. ஓசையைக் கேட்டே முதலாளி எங்கே அமர்ந்திருக்கிறார் என்று வேலைக்காரர்கள் அறிந்து, பானத்தையோ உணவையோ அங்கே கொண்டு போக வேண்டும். பாவாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை ஒரு ரசனையான பழக்கமாகச் சொல்கிறார்கள். அன்று வழிகாட்டி அதைச் சொன்னபோது எங்கள் கூட்டத்திலும் எல்லோரும் புன்னகைத்தோம்.

மணியை அடிக்கிற இடத்திலிருந்து பார்த்தால் இது கவிதை. மணியைக் கேட்கிற இடத்தில் நின்றால்? சமையலறையில் நிற்கிற ஒருவர் நாள் முழுவதும் காதைத் தீட்டி வைத்திருக்க வேண்டும். தோட்டத்தின் வரைபடம் அவர் கண்ணில் இல்லை, காதில் இருக்கிறது. அந்தத் தோட்டத்தைப் பாவாவுக்கு இணையாக அறிந்தவர் யாராவது உண்டென்றால் அவர்தான். ஆனால் தோட்டத்தைப் பற்றி நான் வாசித்த பக்கங்களில் அவர் பார்வை எங்கேயும் வரவில்லை. லுணுகங்கவில் அந்த வேலையைச் செய்தவர்களில் ஆண்களும் உண்டு. வசதியான வீடுகளில் பரிமாறுவது ஆண்களுக்குக் கிடைத்த வேலையாகவும் இருந்தது. ஆனாலும் மணியோசைக்கு ஓடும் உடல் எனக்கு அந்நியமானதல்ல. நம் வீடுகளில் மணி இல்லை. “என்னம்மா, காப்பி ஆச்சா?” என்ற குரல்தான் மணி. அது கூடத்திலிருந்து வருகிறதா, மாடியிலிருந்து வருகிறதா, திண்ணையிலிருந்து வருகிறதா என்பதைக் கேட்டே எத்தனை தம்ளர் என்று அம்மாவுக்குத் தெரியும். திண்ணை என்றால் வெளியாள் இருக்கிறார்கள்.

தமிழில் விருந்து என்ற சொல்லுக்கு முதற்பொருள் புதுமை. புதிதாய் வருகிறவர் என்பதால் விருந்தினர். அவருக்கு இடுவதால் உணவும் விருந்தானது. புதுமை, விருந்தாளி, சாப்பாடு ஆகிய மூன்றும் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன. லுணுகங்க போன்ற ஓர் இல்லத்தை வருணிக்க இதைவிடப் பொருத்தமான சொல் வேறெந்த மொழியில் கிடைக்கும்? புதிய கட்டடம், புதியவர், புதிதாய்ச் சமைத்த உணவு. ஆனால் அதே தமிழ் இந்தச் சொல்லை யார் தோளில் ஏற்றியது என்பதையும் நாம் மறக்க முடியாது. தொல்காப்பியத்தின் கற்பியல், விருந்தினரைப் பேணுவதைத் தலைவியின் மாண்புகளில் ஒன்றாக எண்ணுகிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி, கோவலன் பிரிந்திருந்த காலத்தில் தான் இழந்தவற்றைச் சொல்லும்போது, விருந்தினரை எதிர்கொள்வதையும் சொல்கிறாள். கணவன் இல்லாத வீட்டில் அவள் விருந்தோம்ப முடியாது. உழைப்பு அவளுடையது, உரிமை அவன் இருப்பதைப் பொறுத்தது. வகுப்பில் இந்த இடத்தை நடத்தும்போதெல்லாம் ஏதாவது ஒரு மாணவி தலைநிமிர்ந்து பார்ப்பாள். அவள் வீட்டில் யாரோ ஒரு அத்தையோ சித்தியோ இன்னும் அந்த வரியில் வாழ்ந்துகொண்டிருக்கிறாள்.

லுணுகங்கவில் என்னை மிகவும் தொந்தரவு செய்தது மணிகூட இல்லை, ஒரு பாதை. வீட்டுக்கும் கறுவாக் குன்றுக்கும் நடுவே ஊர்ப்பாதை ஒன்று போகிறது. ஊரார் நடந்துபோகும் வழி என்பதால் அதை மூடிவிட முடியாது. பாவா அதைப் பள்ளத்தில் அமிழ்த்தினார். ஆங்கிலேயப் பண்ணைத் தோட்டங்களில் ஆடுமாடுகள் புல்தரைக்கு வராமலும், வேலி கண்ணுக்குத் தெரியாமலும் இருக்க ஒரு பள்ளம் வெட்டுவார்கள். அந்த உத்திதான் இது. வராந்தாவிலிருந்து பார்த்தால் புல்வெளி தடையில்லாமல் குன்றில் ஏறுகிறது. நடுவில் ஒரு பாதை இருப்பதும், அதில் ஆட்கள் போவதும் வருவதும் தெரியாது.

கட்டடக் கலையாக இது மேதைமை. இதை வேறு எப்படித் தீர்த்திருக்க முடியும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஊரார் வழியை அடைக்காமல் விட்டார் என்பதும் உண்மை. ஆனால் தடையற்ற பார்வை என்று நாம் கொண்டாடுவது, சில மனிதர்களைக் கண்மட்டத்துக்குக் கீழே இறக்கியதால் கிடைத்தது என்பதும் அதே அளவு உண்மை. செட்டிநாட்டு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று தாண்டித் தாண்டிப் போனால் கடைசியில் அடுப்படி. முகப்பில் அமர்ந்தவருக்கு நேர்கோட்டில் கடைசி வாசல்வரை தெரியும், புகை தெரியாது. கொழும்பில் பாவா வாழ்ந்த 33ஆம் லேன் வீட்டில் செட்டிநாட்டுத் தூண்கள் நிற்கின்றன. தூண்கள் கடல் கடந்து போயின. அந்தத் தூண்களுக்குப் பின்னால் இருந்த அடுப்படிகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

1948 என்ற ஆண்டுக்குத் திரும்ப வேண்டும். பாவா லுணுகங்கவை வாங்கிய அதே ஆண்டில்தான் மின்னெத் டி சில்வா ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர்களின் அரச நிறுவனத்தில் உறுப்பினரானார். அந்தத் தகுதியைப் பெற்ற முதல் ஆசியப் பெண் அவர். பம்பாயில் படித்தபோது, காந்தியை விடுதலை செய்யக் கோரிய கூட்டத்தில் பங்கேற்றதற்காகக் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டவர். பாவா இன்னும் கட்டடக் கலை படிக்கத் தொடங்காதபோதே, கண்டியில் கருணாரத்ன இல்லத்தைக் கட்டினார். தும்பறைப் பாய்நெசவையும் உள்ளூர்ச் சுடுமண் ஓடுகளையும் நவீனக் கட்டடத்துக்குள் கொண்டுவந்தார். நவீனமும் மண்ணும் சேர்ந்த கட்டடக் கலை என்று பிற்பாடு பாவாவின் பெயரில் உலகம் புகழ்ந்த அந்த எண்ணத்தை முதலில் எழுதியும் கட்டியும் காட்டியவர் மின்னெத். அவர் அழைத்து இலங்கைக்கு வந்த டேனிஷ் கட்டடக் கலைஞர் உல்ரிக் பிளெஸ்னர், பிறகு பாவாவின் அலுவலகத்துக்குப் போனார். வாய்ப்புகளும் அந்தத் திசையிலேயே போயின. 1998இல் பாவா பக்கவாதத்தால் முடங்கினார். ஐந்து ஆண்டுகள் அவரைச் சுற்றிப் பராமரிக்கும் கைகள் இருந்தன. அதே 1998இல் மின்னெத் கண்டியில் ஏறக்குறையக் கைவிடப்பட்ட நிலையில் இறந்தார். பாவாவின் தோட்டத்தைப் பார்க்க நாம் நுழைவுச்சீட்டு வாங்குகிறோம். மின்னெத்தின் வீடு பாழடைந்தது.

மின்னெத்தின் தாய் ஆக்னஸ் டி சில்வா, இலங்கைப் பெண்களின் வாக்குரிமைச் சங்கத்தின் செயலாளராக இருந்தவர். டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சியம் சொல்லப் போனபோது, தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் சேர்த்துத்தான் வாக்குரிமை கேட்கிறீர்களா என்று அவரிடம் கேட்டார்கள். ஆம், அவர்களும் பெண்கள்தானே என்று அவர் சொன்னதாக வரலாறு பதிந்திருக்கிறது. 1931இல் இலங்கைப் பெண்கள் வாக்களித்தார்கள். 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்கும் போனது. தோட்டம் என்ற ஒரே சொல்லில் இரண்டு இலங்கைகள் இருக்கின்றன. ஒருவருக்கு அது ஓய்வின் பெயர். இன்னொருவருக்கு வேலையின் பெயர். ரப்பர் பால்வெட்டுக்கு விடியுமுன் எழுந்துபோன தாய்மார்களைக் கொண்ட என் குமரி மாவட்ட மாணவிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு தனிமனிதரின் வீட்டுத் தோட்டத்தின் மேல் நாட்டின் பாவத்தை ஏற்றுவது என் நோக்கமல்ல. ஆனால் அந்த நிலத்தில் முதலில் நடந்தது வேலைதான் என்பதை அழகு மறக்கவைக்கும்போது, விமர்சனம் நினைவூட்டத்தான் வேண்டும்.

இதற்கு மாறான ஒரு வீடு லுணுகங்கவுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. கொழும்பு ஆல்ஃபிரட் பிளேசில் 1960களின் தொடக்கத்தில் பாவா கட்டிய ஈனா டி சில்வாவின் வீடு அது. அந்த மனை கைமாறியபோது, 2009க்குப் பிறகு, அந்த வீட்டைக் கல் கல்லாகப் பிரித்து, எண்ணிட்டு, லுணுகங்கவில் மறுபடி எழுப்பினார்கள். அங்கேயும் இப்போது விருந்தினர் தங்குகிறார்கள். நடுமுற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரங்களும் கொண்ட நவீன வீடு. மரத் தூண், கருங்கல், ஓடு. இலங்கையின் நவீனக் கட்டடக் கலையின் திருப்புமுனை என்று அதைச் சொல்கிறார்கள். ஆனால் அந்தத் திருப்பத்தை யார் திருப்பினார்? தன் பால்யத்தின் மலைநாட்டு வளவுகளைப் போல உள்முகமாகத் திரும்பிய, அதே சமயம் நவீனமான வீடு வேண்டும் என்று கேட்டவர் ஈனா. கணவருக்கு அலுவலறை, வழிபாட்டுக்கு ஓரிடம், தனக்கும் மகனுக்கும் வேலை செய்ய இடம் என்று கேட்டவரும் அவர்தான். 1960இல் ஒரு மனைவி, வீட்டுக்குள் தன் வேலைக்கு ஓர் இடம் கேட்கிறார். அந்த இடத்தில்தான் அவருடைய பத்திக் கலை பிறந்தது. பெந்தோட்டையின் விடுதியில் பாவா கட்டிய வரவேற்புக் கூடத்தின் கூரையை அலங்கரித்தது அங்கே பிறந்த துணிதான். கட்டடக் கலை வரலாற்றில் ‘வீட்டுக்காரி’ என்றொரு படைப்பாளி வகை இருக்கிறது. அவளை ‘வாடிக்கையாளர்’ என்று எழுதிக் கடந்துவிடுகிறோம்.

ஈனாவின் கதை அந்த வீட்டோடு முடியவில்லை. 1980களில் அவர் தன் பூர்வீக ஊரான மாத்தளை அளுவிகாரைக்குத் திரும்பினார். அங்கே பத்திக், தையல்பூவேலை, மரவேலை, வார்ப்பு வேலை ஆகியவற்றுக்குப் பட்டறைகளை நடத்தினார். ஊர்ப் பெண்களுக்குக் கைவேலையும் கூலியும் கிடைத்தன. சமையலையும் அவர் அதே கணக்கில் சேர்த்தார். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருகிறவர்களுக்கு ஊர்ச் சமையலில் சோறும் பல கறிகளும் கிடைக்கும். அங்கே சாப்பாடு ஒரு மணிக்கான பதில் இல்லை. பத்திக் போல, பூவேலை போல, விலையுள்ள கைவினை.

ஈனாவைப் புனிதராக்க வேண்டாம். அவர் உயர்குடும்பத்துப் பெண். பட்டறையின் பெயர் அவருடையது, பூவேலை செய்த விரல்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. பெண்முதலாளியின் கீழும் உழைப்பு உழைப்புதான். ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. லுணுகங்கவின் அழகு, வேலை தெரியாமல் இருப்பதில் நிற்கிறது. அளுவிகாரைக்குப் போகிறவர் பார்க்கப் போவதே வேலையைத்தான்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். லுணுகங்கவில் ஒரு மர நிழலில் பதினைந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒருவர் தேநீர் கொண்டுவந்து வைத்தார். எனக்கு அழுகை வந்தது. கேட்காமல், எழாமல், என் முன்னால் ஒரு தம்ளர் வைக்கப்பட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தேன். நம் பெண்கள் வாழ்நாள் முழுவதும் விருந்தோம்புகிறார்கள், விருந்தாளியாக இருப்பதில்லை. கல்யாணமான பெண் பிறந்த வீட்டுக்கு விருந்தாளிதான் என்று சொல்வோம். ஆனால் வந்த அன்று மாலையே அவள் அடுப்படியில் நிற்பாள். அதனால் “விருந்தினர் இல்லம் என்பதே சுரண்டல்” என்று எழுதிவிட்டு எழுந்துபோக என்னால் முடியாது. அந்தத் தேநீர் எனக்கு வேண்டியிருந்தது. அம்மாவுக்கு என்னைவிட அதிகம் வேண்டியிருக்கிறது. அதைக் கொண்டுவந்து வைத்தவருக்கும் வேண்டியிருக்கும்.

ஆகவே நவீன வீடுகளையும் கிராமத்து விருந்தினர் இல்லங்களையும் பார்க்கப் போகும் என் மாணவிகளிடம் நான் சொல்வது இதுதான். இப்போது நம் ஊர்களிலும், செட்டிநாட்டிலும் மலையோரங்களிலும், பழைய வீடு, புதிய வடிவம், தோட்டத்துக் காய்கறி, ‘பாட்டி சமையல்’ என்று இல்லங்கள் வந்துகொண்டிருக்கின்றன. ரசியுங்கள், ரசனை குற்றமல்ல. ஆனால் முற்றத்தைப் பார்த்த பிறகு அடுப்படியையும் பார்க்கக் கேளுங்கள். அதற்கு எத்தனை ஜன்னல், ஏரி அங்கிருந்து தெரிகிறதா, சமைத்தவர் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார், அந்தப் ‘பாட்டி’க்குக் கூலி உண்டா, வேலை முடிந்தவர் எந்தப் பாதையில் வீட்டுக்குப் போகிறார் என்று பாருங்கள். இவற்றைக் கேட்பதும் கட்டடக் கலை விமர்சனம்தான்.

ஊர் திரும்பி, லுணுகங்கவில் நான் எடுத்த படங்களைக் கைப்பேசியில் அம்மாவுக்குக் காட்டினேன். மணியைப் பற்றிச் சொன்னேன். பள்ளத்தில் மறைந்த பாதையைப் பற்றிச் சொன்னேன். அவள் எதுவும் சொல்லவில்லை. அந்த மரத்தடி மேஜைப் படம் வந்ததும் விரலால் நிறுத்தினாள்.

“என்னைய ஒருதடவ அங்க கூட்டிட்டுப் போறியா?” என்றாள். “சும்மா ஒக்காந்திருக்க.”

பிறகு, ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டவள் போல, “தம்ளரக் கழுவி வச்சிட்டே வந்துருவோம்” என்றாள்.